கூடும் கூண்டும்: வன்னிக் காட்டு இருவாட்சியின் கதை

வவுனியாவிலிருந்து வடக்கு நோக்கிக் காட்டினூடே செல்லும் ஒருவர், கனகராயன் ஆற்றங்கரையில் ஓங்கி நிற்கும் மருதமரங்களின் நிழலிற் காலை வேளையிற் சற்றே தங்குவாராயின், தலைக்கு மேலே கொல்லன் துருத்தி ஊதுவது போன்றதோர் ஓசையைக் கேட்கக்கூடும். அண்ணாந்து பார்த்தால், கருமையும் வெண்மையும் கலந்த பெரும் பறவைகள் இரண்டோ மூன்றோ, ஒன்றன்பின் ஒன்றாகச் சிறகடித்தும் மிதந்தும் மரந்தாவிச் செல்வது தெரியும். அப்பறவையின் சிறகடியில் இறகுகளின் வேரை மூடும் மென்னிறகுகள் இல்லை. ஆதலால் இறகுகளுக்கிடையே காற்றுப் புகுந்து அவ்வோசையை எழுப்புகிறது. அதன் பெயர் இருவாட்சி. அப்பறவையை மனிதன் கூண்டில் அடைத்ததும், கூண்டில் அது குஞ்சு பொரிக்க மறுத்ததும், நெடுங்காலத்தின் பின் மனிதன் அதனிடமிருந்து ஒரு பாடங் கற்றதும் ஆகிய வரலாற்றினை இன்று எடுத்துக்கூற விழைகின்றேன்.

முதலிற் பெயரைப் பற்றிச் சிறிது கூறுவோம். தமிழ்நாட்டு மலைநாட்டார் இதனை இருவாட்சி என்றும் இருவாய்ச்சி என்றும் வழங்குவர். இலங்கைத் தமிழரோ இரட்டைச் சொண்டுக் குருவி என்றனர். நீண்டு வளைந்த சொண்டின் மேல் மற்றொரு சொண்டு கவிழ்த்து வைத்தாற் போன்ற கவசம் ஒன்று இருத்தலால் இப்பெயர்கள் எழுந்தன. சிங்கள மக்கள் இதனைக் கெந்தெத்தா என்பர். மலையாளத்தார் வேழாம்பல் என்பர். உலகெங்கும் அறுபதுக்கு மேற்பட்ட இருவாட்சி இனங்கள் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் பரந்து வாழ்கின்றன. இலங்கையில் உள்ளவை இரண்டே. ஒன்று, கவசமற்ற சாம்பல் இருவாட்சி; அது இலங்கையன்றி வேறெங்கும் இயற்கையில் இல்லாதது. மற்றையது, நாம் மேலே கண்ட கருவெள்ளை இருவாட்சி. வறள் வலயத்தின் தாழ்நிலக் காடுகளும் ஆற்றோரச் சோலைகளுமே இதன் உறைவிடம். ஆகவே வன்னி பெருநிலம் இதற்குத் தாய்வீடுகளில் ஒன்று எனலாம்.

வேழாம்பல் நிலத்து நீரைப் பருகாது, மழைத்துளியையே எதிர்நோக்கி ஏங்கும் என்பது மலையாள நாட்டின் பழைய நம்பிக்கை. குளத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்து வாழும் வன்னி உழவனுக்கு இக்கதை அந்நியமாகத் தோன்றாது. இதில் ஓர் உண்மையும் அடங்கியுள்ளது. இருவாட்சி நீரருந்தக் காண்பது அரிது. தனக்கு வேண்டிய நீரிற் பெரும் பகுதியைப் பழங்களிலிருந்தே பெறுகிறது. ஆல், அத்தி, அரசு முதலியவற்றின் பழங்களும், வன்னியிலே பாலைப்பழமும் வீரைப்பழமும் இதன் உணவு. பழத்தைச் சொண்டின் நுனியாற் பறித்து, மேலே எறிந்து, தொண்டையில் ஏந்தி விழுங்கும். நா மிகக் குறியதாகையால் இவ்வாறு செய்கிறது. விழுங்கிய பழத்தின் கொட்டையைச் சிதைக்காது வேறோரிடத்திற் கக்கியோ கழித்தோ விடும். இவ்வகையிற் காட்டுக்கு விதைப்பவனும் இதுவே.

இனி இதன் இல்லற வாழ்க்கையைக் கேளுங்கள். முதிர்ந்த மரத்தில் இயற்கையாய் அமைந்த பொந்தொன்றைச் சோடிப் பறவைகள் தேர்ந்தெடுக்கும். பெண்பறவை உட்புகுந்ததும், தன் எச்சத்தையும் பழச்சக்கையையும், சில இனங்களில் ஆண்பறவை கொண்டுவரும் மண்ணையும் குழைத்து, பொந்தின் வாயைச் சுவர்போல அடைத்துக்கொள்ளும். சொண்டின் நுனி மட்டும் புகத்தக்க ஒடுங்கிய பிளவு ஒன்றே எஞ்சும். உள்ளேயிருந்து முட்டையிட்டு, அடைகாத்து, பறக்குஞ் சிறகுகளை ஒருங்கே உதிர்த்து மீண்டும் முளைக்க விட்டு, மாதக்கணக்கில் அவ்விருளிலேயே வாழும். அக்காலம் முழுவதும் ஆண்பறவை பழங்களைத் தொண்டையில் நிறைத்துக்கொண்டு வந்து, பிளவின் வழியே ஒவ்வொன்றாகக் கக்கிக் கொடுக்கும். இலங்கையிலே சித்திரை முதல் ஆடி வரையுள்ள காலத்திலேயே பெரும்பாலும் இது நிகழ்கிறது. அவ்வேளையில் ஆண்பறவை ஒரு வேடனின் குறிக்கு இரையானால், உள்ளேயிருக்கும் பெண்ணும் குஞ்சுகளும் பட்டினிக்கு ஆளாகும். ஒரு குண்டு ஒரு குடும்பத்தையே அழிக்க வல்லது.

இவ்வியப்பான செய்தி மேனாட்டறிஞரை 19ஆம் நூற்றாண்டில் வெகுவாகக் கவர்ந்தது. அல்பிரட் றசல் வாலஸ் என்னும் இயற்கையறிஞர் 1861ஆம் ஆண்டின் இறுதியிற் சுமாத்திராத் தீவை அடைந்து அங்கு ஆய்வு நடத்துகையில், அவருடைய வேட்டைக்காரர் ஓர் ஆண் இருவாட்சியைச் சுட்டு வீழ்த்தினர். பொந்திலிருந்த பெண்ணுக்கு அது உணவூட்டிக் கொண்டிருந்த வேளை அது. கூலி கொடுத்து மரத்தில் ஆளேற்றியபோது, பெண்பறவையோடு ஒரு குஞ்சும் கிடைத்தது. புறாவின் பருமனுள்ள அக்குஞ்சின் உடலில் இறகொன்றேனும் முளைத்திருக்கவில்லை என்று தாம் 1869இல் வெளியிட்ட மலாயத் தீவுக்கூட்டம் பற்றிய நூலில் அவர் வியப்போடு விவரிக்கின்றார். அறிவு பெற அக்காலத்தார் செலுத்திய விலை எத்தகையதென்பதை இதனால் உணரலாம்.

இலங்கையிலும் இத்தகைய ஆய்வாளர் இருந்தனர். 1840களின் பிற்பகுதியிலும் 1850களின் முற்பகுதியிலும் எட்கார் லெயாட் என்பார் இத்தீவின் பறவைகளைத் திரட்டிக் குறிப்பெழுதினார். அவருக்குப் பின் வந்த படையதிகாரி வின்சென்ற் லெக் என்பார், 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளிவந்த இலங்கைப் பறவைகளின் வரலாறு என்னும் பெருநூலை ஆக்கினார். 1895இல் ஜே. பி. லூயிஸ் என்னும் குடியியற் சேவையாளர் வன்னி மாவட்டங்களைப் பற்றிய கைந்நூலொன்றினை எழுதினார். காடும் குளமும் சிற்றூர்களும் நிறைந்த அந்நாளைய வன்னியை அறிய விரும்புவோர் இன்றும் நாடுவது அந்நூலையே. இவர்கள் எல்லோரும் துப்பாக்கியையும் பேனாவையும் ஒருங்கே தாங்கியவர்கள். பறவையை உயிரோடு வைத்துப் பேணுவது வேறொரு கூட்டத்தாரின் தொழிலாய் இருந்தது.

அத்தொழிலின் தலைநகராய் விளங்கியது ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுகம். அங்கு கார்ல் ஹாகன்பெக் என்பவர் உலகெங்குமிருந்து விலங்குகளை வருவித்து விற்றார். 1907இல் கம்பிக்கூடுகளுக்குப் பதிலாக அகழிகளால் எல்லைகட்டிய விலங்குத் தோட்டமொன்றையும் திறந்தார். அவருடைய மாற்றாந்தாய்ச் சகோதரர் ஜோன் ஹாகன்பெக் கொழும்பிற் குடியேறி, யானை முதலாய இலங்கை விலங்குகளைக் கடல்கடந்து அனுப்பும் வாணிகம் நடத்தினார். 1920களின் பிற்பகுதியில் அவர் தெகிவளையில் ஒரு விலங்குத் தோட்டத்தை நிறுவினார். வாணிகம் நொடித்தபோது, 1936இல் அதனை அரசாங்கம் பொறுப்பேற்றது. இன்றைய தெகிவளை மிருகக்காட்சிச்சாலை பிறந்த வரலாறு இதுவேயாகும். ஓப்ரி வைன்மன் அதன் முதல் மேலாளராய் அமர்ந்து அதனை ஆசியாவிற் புகழ்பெற்ற நிலையமாக்கினார். காடுகளிலிருந்து கப்பலேற்றுவதற்காக விலங்குகளை நிறுத்திவைத்த இடமே, பின்னர் மக்கள் கண்டு கற்கும் சாலையாயிற்று. அதற்கு மறுவருடமே, அஃதாவது 1937இல், வனசீவராசிகளையும் தாவரங்களையும் காக்கும் கட்டளைச்சட்டமும் இயற்றப்பட்டது. பிடிக்கும் காலம் முடிந்து காக்கும் காலம் தொடங்கியதற்கு இவ்விரண்டும் அடையாளங்கள்.

அக்காலத்து மனிதர் கூண்டிலிட்ட இருவாட்சிகளுட் பெரும்புகழ் பெற்றது பம்பாயில் வாழ்ந்த ஒன்றாகும். 1894இல் கார்வார்ப் பகுதியிலிருந்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு ஒரு பெரிய இருவாட்சிக் குஞ்சு அன்பளிப்பாக வந்தது. வில்லியம் என்று பெயரிட்டனர். கழகத்தின் செயலாளர் பிப்சன் அவர்களின் நாற்காலிக்குப் பின்னே இருந்த கூண்டில் அது வளர்ந்தது. எறியும் பந்தைச் சொண்டினாற் பிடிக்கும் விளையாட்டில் அது வல்லது. 26 ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து, 1920இல் ஒரு கம்பித்துண்டை விழுங்கி இறந்தது. அக்கழகத்தின் மாளிகைக்கு இன்று இருவாட்சி இல்லம் என்றே பெயர். அதன் சின்னமும் இருவாட்சியே. இவ்வளவு அன்போடு வளர்க்கப்பெற்ற அப்பறவை தன் ஆயுள் முழுவதும் துணையின்றித் தனித்தே இருந்தது. காட்டிலாயின், 26 ஆண்டுகளில் அது எத்தனை முறை ஒரு பொந்தின் வாயிலிற் பழஞ் சுமந்து நின்றிருக்கும்? இதனைச் சிந்தித்தால், அன்பு வேறு, அறிவு வேறு என்பது விளங்கும்.

இலண்டன் மிருகக்காட்சிச்சாலையின் மேற்பார்வையாளர் பாட்லெற் 1869ஆம் ஆண்டளவில் ஒரு புதுமையைக் குறித்தார். அங்கிருந்த இருவாட்சி ஒன்று தன் இரைப்பையின் உட்தோலைப் பையாகக் கழற்றி, பழங்களோடு சேர்த்துக் கக்கிற்று. சிறைப்பட்ட பெண்ணுக்கு ஆண்பறவை உணவூட்டும் முறையோடு இது தொடர்புடையது என்று அவர் எண்ணினார். பழங்களை ஒவ்வொன்றாகக் கக்கிக் கொடுப்பதே வழமை என்பது காட்டிற் செய்த பிற்கால ஆய்வுகளால் தெளிவாயிற்று. கூண்டில் ஒரு பறவையை வைத்திருப்பதனால் அதன் உடற்கூற்றை அறியலாம். அதன் வாழ்வை அறிவதற்குக் காட்டுக்கே செல்லல் வேண்டும். இந்த உண்மையை மிருகக்காட்சிச்சாலைகள் உணர்வதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

கூண்டில் இருவாட்சி நன்றாக உண்டது, நெடுநாள் வாழ்ந்தது, ஆனால் பொதுவாக முட்டையிட மறுத்தது. காரணங்கள் பல. முதலாவது, சோடி. ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் ஒரு கூண்டில் விட்டதனால் மட்டும் அவை தம்பதிகளாகிவிடமாட்டா. இருவாட்சி துணையைத் தானே தேர்ந்துகொள்ளும் பறவை. பிடிக்காத துணையைத் தன் வன்சொண்டினால் தாக்கிக் கொன்றுவிடுவதும் உண்டு. ஆகவே இளம் பறவைகள் பலவற்றை ஒருங்கே வளர்த்து, தாமே சேரும் சோடியைப் பிரித்தெடுப்பதே நன்று எனக் கண்டனர். கண்ணைச் சுற்றியுள்ள தோல் நம் நாட்டுக் கருவெள்ளை இருவாட்சியின் பெண்ணில் வெண்மையாகவும் ஆணிற் கருநீலமாகவும் இருத்தலால், பாலை அறிதல் இவ்வினத்தில் எளிது. எல்லா இனங்களிலும் அவ்வாறன்று.

இரண்டாவது, பொந்து. பறவை நுழைவதற்குப் போதுமான வாயும், அடைகாக்கும் பெண் தன் எச்சத்தை வெளியே பீச்சுவதற்கு ஏற்ற மட்டமும், உள்ளே மேல்நோக்கி ஒதுங்கத்தக்க உயரமும் உடைய பொந்து வேண்டும். உட்குடைந்த மரத்தண்டுகளும் பீப்பாய்களும் பலகைப் பெட்டிகளும் மாறி மாறிப் பரிசோதிக்கப்பட்டன. வாயிலை அடைப்பதற்கு ஈரமண் வைத்தல், பொந்தின் உள்ளே வெப்பமும் ஈரமும் மிகாமலும் குறையாமலும் காத்தல் ஆகியன பையப்பையக் கற்கப்பட்டன. வாயிலை அடைக்கும் செயலே இப்பறவைக்கு இல்லறத்தின் தொடக்கம். அதற்கு வாய்ப்பளியாத கூண்டில் இல்லறமும் இல்லை.

மூன்றாவது, உணவு. இது மறைந்திருந்த பகை. பழமுண்ணும் இருவாட்சி உணவிலுள்ள இரும்புச்சத்தை வேண்டுமளவுக்கு மேலும் உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. காட்டுப் பழங்களில் அச்சத்துக் குறைவு. மனிதர் கொடுத்த இறைச்சியிலும் செயற்கைத் தீனியிலும் அது மிகுதி. மிகையான இரும்பு ஈரலிற் படிந்து, நலமாகத் தோன்றிய பறவையும் திடீரென மாண்டது. இறந்த பறவைகளின் ஈரலை ஆராய்ந்த பின்னரே இந்நோய் விளங்கிற்று. இன்று நல்ல நிலையங்களில் இரும்பு குறைந்த தீனியே கொடுக்கப்படுகிறது. சத்து மிகுந்தால் நலம் மிகும் என்ற நம் எளிய எண்ணம் இங்கே தோற்றுப்போயிற்று.

இவற்றையெல்லாம் கற்றுத் தேர்ந்த நிலையங்களுட் சிலவற்றைக் குறிப்பிடுவோம். ஜேர்மனியின் வால்ஸ்றோட என்னுமிடத்தில் 1962இல் தொடங்கிய பறவைப் பூங்கா, இருவாட்சியினங்கள் பலவற்றைப் பேணிப் பெருக்கி வந்தது. சிங்கப்பூரின் யூரோங் பறவைப் பூங்கா 1971ஆம் ஆண்டு சனவரி 3ஆம் திகதி திறக்கப்பட்டது. பிரேசில் நாட்டின் றியோ நகரிற் பெரும் பறவைக் கூடமொன்றைக் கண்ட அமைச்சர் கோ கெங் சுவீ அவர்களின் எண்ணத்தில் உதித்தது அப்பூங்கா. அது 2023 சனவரியில் மூடப்பட்டு, அதே ஆண்டு மே மாதத்தில் மண்டாய் என்னும் இடத்திற் புதிய பறவைப் பூங்காவாக மீண்டும் திறக்கப்பட்டது. இவ்விடத்தில் நம் நாட்டின் பங்கொன்றையும் நினைவுகூர்தல் பொருந்தும். அதே மண்டாயில் 1973இற் பிறந்த சிங்கப்பூர் மிருகக்காட்சிச்சாலைக்கு ஆலோசகராய் விளங்கியவர், தெகிவளையின் பணிப்பாளராயிருந்த லின் டி அல்விஸ் அவர்களே. கம்பிகளை இயன்றவரை மறைத்து, விலங்குக்கு அதன் காட்டைப் போன்ற சூழலை அமைக்கும் முறையை அவர் அங்கு செயற்படுத்தினார்.

யூரோங் பூங்காவில் 2018இல் நிகழ்ந்த ஒன்று வியப்பூட்டுவது. ஜாரி என்னும் 22 வயதுப் பெரிய இருவாட்சியின் கவசத்திற் புற்றுநோய் உண்டாயிற்று. வைத்தியர்களும் பொறியியலாளர்களும் கூடி, கணினியால் அளந்து அச்சிட்ட செயற்கைக் கவசமொன்றை, நோயுற்ற பகுதியை அகற்றிய இடத்திற் பொருத்தினர். பறவை தேறியது. அன்றியும், தன் வாலடியிலுள்ள சுரப்பியிலிருந்து மஞ்சட் சாயத்தை எடுத்து அச்செயற்கைக் கவசத்திற் பூசி, அதனைத் தன் உறுப்பாகவே ஏற்றுக்கொண்டது.

எனினும், கூண்டிற் பெற்ற அறிவு கூண்டுக்குள்ளேயே தங்கிவிடின் அதனாற் பயன் யாது? இவ்வினாவுக்கு விடையாய் அமைந்த முயற்சிகள் உள. சிங்கப்பூரில் 19ஆம் நூற்றாண்டிலேயே அற்றுப்போன கீழைக் கருவெள்ளை இருவாட்சி, 1994இல் உபின் தீவில் மீண்டும் காணப்பட்டது. காடிருந்தது, பழமிருந்தது, பொந்துள்ள முதுமரங்கள் போதவில்லை. 2004ஆம் ஆண்டு தொடங்கிய திட்டமொன்றிற் பூங்கா அதிகாரிகளும் பறவைப் பூங்காவினரும் ஆய்வாளரும் சேர்ந்து செயற்கைக் கூட்டுப்பெட்டிகளை மரங்களில் ஏற்றினர். கூண்டுக்குள் வைத்துப் பழகிய பெட்டி இப்போது காட்டுக்குச் சென்றது. பறவைகள் அதனை ஏற்றுப் பெருகின. இன்று அத்தீவு நகரின் சாலையோர மரங்களிலும் அவற்றைக் காணலாம்.

தென்னாபிரிக்காவில் மற்றொரு வழி கண்டனர். அங்குள்ள தரை இருவாட்சி பெரும்பாலும் இரண்டு முட்டையிடும். பிந்திப் பொரிக்கும் குஞ்சு உணவின்றி இறப்பதே இயற்கை. 1999 முதல் மபூலா என்னுமிடத்துத் திட்டத்தினர் அவ்விரண்டாம் குஞ்சை எடுத்துக் கையால் வளர்த்து, தகுந்த காலத்திற் காட்டுக்கூட்டங்களோடு சேர்க்க முயன்று வருகின்றனர். இறக்கவிருந்த உயிரை எடுத்து வளர்ப்பதனாற் காட்டுக்கு இழப்பில்லை. பிலிப்பைன் தீவுகளிலே காடழிந்து அருகிப்போன இனங்களுக்கும் பேணிடங்களில் இனப்பெருக்கம் செய்யப்படுகிறது. ஓர் இனத்தின் காடு முற்றாய் அழிந்துவிட்டால், பூங்காவே அதன் கடைசிப் புகலிடம். ஆனால் அதனைக் கடைசிப் புகலிடம் என்றே கருதல் வேண்டும். ஒரு சோடியைச் சேர்த்து, பொந்தமைத்து, ஒரு குஞ்சைக் காண்பதற்குப் பூங்காவினர் ஆண்டுக்கணக்காய்ப் பாடுபட வேண்டியுள்ளது. காட்டில் ஒரு முதுமரம் அதனைக் கூலியின்றிச் செய்கிறது.

ஆகவே அறிஞரின் நோக்கு மரத்தின் மேலும், மரத்தை அடுத்து வாழும் மனிதனின் மேலும் திரும்பிற்று. தாய்லாந்திற் பேராசிரியை பிலாய் பூன்சுவாட் 1978இற் காவோ யாய்க் காட்டிற் பொந்துகளைத் தேடி ஆராயத் தொடங்கினார். பின்னர் அந்நாட்டின் தெற்கேயுள்ள புடோ மலையில், குஞ்சுகளைத் திருடி விற்றுப் பிழைத்த கிராமத்தவரையே கூடுகளின் காவலராய் நியமித்தார். நகரத்து மக்கள் ஒவ்வொரு கூட்டுக்கும் பொருளுதவி செய்தனர். அருணாசலப் பிரதேசத்தின் பக்கே வனத்தை அடுத்து வாழும் நிசி இன மக்களும் 2011 தொடக்கம் இதுபோன்ற கூட்டுத் தத்தெடுப்பு முயற்சியில் ஈடுபட்டுள்ளனர். அம்மக்களின் தலைப்பாகையில் இருவாட்சியின் சொண்டு அணியப்படுவது மரபு. மரபும் பிழையாது உயிரும் பிழைக்குமாறு செயற்கைச் சொண்டுகள் செய்து அளிக்கப்பட்டன.

நமக்கு இன்னும் அணித்தான எடுத்துக்காட்டு சேரநாட்டு வாழச்சால் காடு. அங்குள்ள ஆற்றோரச் சோலைகளில் வாழ்வது வன்னியிற் பறக்கும் அதே கருவெள்ளை இனம். காடர் என்னும் பழங்குடியினர் முன்னாளிற் பொந்துகளை உடைத்துக் குஞ்சுகளை உண்டவர்கள். எந்த மரத்தில் எந்தப் பொந்து என்பதை அவர்களிலும் நன்கறிந்தார் எவருமிலர். இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் அவ்வறிவையே மூலதனமாக்கி, அவர்களைக் கூடுகளின் காவலராக்கினர். தமிழ்நாட்டு ஆனைமலையில் 1990களின் தொடக்கத்திற் பெரிய இருவாட்சியை ஆராய்ந்த இரகுபதி கண்ணன் முதலியோர், அத்திப்பழ மரங்களும் பொந்துள்ள முதுமரங்களுமே அதன் வாழ்வுக்கு அடிப்படை என்பதை எடுத்துக்காட்டினர்.

இனி வன்னிக்குத் திரும்புவோம். வன்னி மரங்களின் வரலாறு இருவாட்சியின் வரலாறும் ஆகும். ஒல்லாந்தர் காலந்தொட்டு ஆங்கிலேயர் காலம் வரை இலங்கையின் வடகிழக்குக் காடுகளிலிருந்து முதிரையும் கருங்காலியும் கப்பலேறின. 1905இல் வடபகுதிப் புகையிரதப்பாதை வன்னியை ஊடறுத்துச் சென்றது. தண்டவாளத்தின் கீழ் இடும் கட்டைகளுக்குப் பாலைமரம் உகந்ததாயிற்று. 1902இல் இரணைமடுக் குளத்தின் வேலை தொடங்கிற்று. 1950களிலும் 1960களிலும் வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குளங்கள் திருத்தப்பட்டு, நிலமற்றோர் குடியேறி நெல் விளைத்தனர். வயலுக்காக வெட்டப்பட்ட காட்டைக் குறித்து உழவனைக் குறைகூற நாம் முன்வரவில்லை, சோறின்றி வாழ்வில்லை. ஆனால் வைரம் பாய்ந்த முதுமரம் வீழ்ந்தபோது, நூறாண்டில் உருவான பொந்தும் உடன் வீழ்ந்தது என்பதனை நாம் கணக்கிற் சேர்க்கவில்லை.

பின்னர் வந்தது போர். 1983 முதல் 2009 வரை வன்னி மக்கள் பட்ட துயரம் நாம் அறிந்ததே. மக்கள் நீங்கிய ஊர்களிற் பற்றை மண்டிற்று; கண்ணிவெடிகள் புதைந்த காடுகளில் மனிதர் கால்வைக்க அஞ்சினர்; வேறிடங்களிற் காவலரண்களுக்கும் முகாம்களுக்கும் மரங்கள் வெட்டப்பட்டன. போர் முடிந்த பின் 2015இற் சுண்டிக்குளமும் மடு வீதிப் பகுதியும் தேசிய வனங்களாக உயர்த்தப்பட்டன. சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருந்தது. கொக்கிளாய் 1951இல் அவ்வாறாயிற்று. இவை மகிழ்ச்சிக்குரியன. அதேவேளையில், தாம் இடம்பெயர்ந்திருந்த காலத்திற் காடு மூடிய தம் வயல்களையும் காணிகளையும் வனமென்று எல்லையிட்டுவிட்டனர் என்ற முறைப்பாடு வன்னி மக்களிடையே உண்டு. அம்முறைப்பாடு நீதியோடு தீர்க்கப்படாதவிடத்து, காடு என்ற சொல்லே மக்களுக்குப் பகைச்சொல்லாகிவிடும். மக்களுக்குப் பகையான காட்டிற் பறவை நெடுநாள் வாழாது.

வன்னியில் இருவாட்சிக்கென ஒரு பூங்கா அமைத்தல் வேண்டுமா என்று நேயர்களுட் சிலர் வினவலாம். உலக அளவில் அழியும் ஆபத்தை அணுகிவரும் இனங்களுள் ஒன்றாக நம் கருவெள்ளை இருவாட்சி எண்ணப்படுகிறது. எனினும் அது இன்னும் நம் காட்டில் இயல்பாகவே குஞ்சு பொரித்து வாழ்கிறது. கூண்டை நாடவேண்டிய நிலை அதற்கு வரவில்லை. வராமற் காக்கும் காலம் இதுவே. அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஊருக்கு அருகேயுள்ள காட்டில் எந்தப் பாலையில், எந்த மருதில், எந்த நாவலிற் பொந்துண்டு என்பதை விறகெடுப்போரும் தேனெடுப்போரும் அறிவர். ஒவ்வொரு பாடசாலையும் தன் அயலிலுள்ள அத்தகைய மரங்களை எண்ணிக் குறித்து வைக்கலாம். காணி திருத்துகையிற் பொந்துள்ள முதுமரத்தை விட்டு மற்றையவற்றை வெட்டலாம். குளக்கட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் கோயில் வீதியிலும் நிற்கும் ஆலுக்கும் அரசுக்கும் கோடரி படாது காக்கலாம். முதுமரம் அற்றுப்போன இடத்தில், சிங்கப்பூரார் செய்தது போலப் பெட்டியொன்றை ஏற்றிப் பார்க்கலாம்.

நேயர்களே, பெண் இருவாட்சி தன் வாயிலைத் தானே அடைத்துக்கொண்டு இருளில் அமர்வது, வெளியே ஒருவன் உணவோடு வருவான் என்ற நம்பிக்கையினால். அந்நம்பிக்கையோடு அது புகுவதற்கு ஒரு பொந்து வேண்டும். அதன் துணைவன் பழந்தேடி வருவதற்கு ஒரு காடு வேண்டும். மனிதன் கட்டிய கூண்டு அவ்விரண்டினையும் ஓரளவுக்கே ஈடுசெய்ய வல்லது என்பதை நூற்றாண்டு காலத்து மிருகக்காட்சிச்சாலை வரலாறு நமக்கு உணர்த்துகிறது. அடுத்த சித்திரையில், பாலை பழுக்கும் நாட்கள் அணுகுகையில், வன்னியின் ஏதோ ஒரு முதுமரத்தின் வாயில் உள்ளிருந்து அடைபடும். அம்மரம் ஆடி வரை நிற்குமாறு பார்த்துக்கொள்வது, அதனருகே வாழும் நம் பொறுப்பாகும்.